செகப்பு ஊசி

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். பூம்பாறையில எல்லாரும் சுகம். நேத்து நாலாவது வைட்டமின் பி12 ஊசி போட்டாச்சு. கால் மதமதப்பு தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நர்சம்மா மருந்தை உறிஞ்சுறப்பப் பார்த்தேன், மாதுளைச் சாறாட்டம் செகப்பு. இதைத்தான நீ போன்ல சொன்ன? அமெரிக்காவுல உட்வர்டு, சுவிட்சர்லாந்துல எஷன்மோசர்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க, கூட நூறு பேருக்கு மேல. சின்னச் சின்ன மூலக்கூறா சேர்த்துச் சேர்த்து, ஏறக்குறைய 12 வருஷம் பாடுபட்டு 1972ல முடிச்சாங்கன்னு. டோட்டல் சிந்தஸிஸ். பேரு கூட மறக்கல பாரு. எம்மக படிக்கிறது அதுதான்னு எதிர் வீட்டுல சொல்லிட்டேன்.

நம்ம மேட்டுக்காட்டுக் குறிஞ்சிக்கும் 12தான. 2006ல ரெட்டைச் சடையோட இடுப்பளவுப் பூவுக்குள்ள நின்ன. 2018ல காலேஜ் லீவுல வந்து நின்ன. அது விதை விட்டுக் காஞ்சு, இப்ப புதுசு முழங்கால் உயரம் நிக்குது. பார்த்தா வெறும் பச்சைப் புதர், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா அது தானா கணக்கு வச்சு, மலை முழுக்க ஒண்ணாப் பூத்துரும். உங்க வேலை அப்படியா? ஒரு படி தப்பினா பழையபடி முதல்லருந்து. பூத்ததும் காஞ்சு போறது மட்டும் உங்க படிப்புக்கு ஒத்து வரக் கூடாது தாயி. ராத்திரி தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்னைக்கு நான் கேட்டேன்ல, “ஊசி மருந்தை பாக்டீரியாவே செஞ்சு குடுக்குதுன்னா, அத்தனை பேரு பாடுபட்டது எதுக்கு?”ன்னு. போற வழியில உட்வர்டும் ஹாஃப்மனும் ஏதோ விதி கண்டுபிடிச்சாங்க, 1965ல, இன்னைக்கும் அதுதான் பாடம்னு நீ ஆரம்பிச்ச. நான் பூண்டு வியாபாரி வந்துட்டார்னு போனை வச்சுட்டேன்.

பதினெட்டு நாளாச்சு. பெத்தவளுக்கு ஒரு போன் பண்ண நேரமில்லாத படிப்பு என்ன படிப்புன்னு முந்தாநாள் வரைக்கும் கோவம்தான்.

நான் கேட்டது மருந்தைப் பத்தி இல்ல. உன்னோட ஆறு வருஷத்தைப் பத்தி. நேராக் கேட்கத் தைரியமில்லாம உட்வர்டு தலையில போட்டுக் கேட்டேன். உனக்கு அது அப்பவே புரிஞ்சிருக்கும். அப்பா இருந்திருந்தா வியாபாரியை வாசல்ல நிக்க வச்சுட்டு உன் விதியை முழுசாக் கேட்டிருப்பார்.

பூண்டு வித்தாச்சு. சாயங்காலம் சும்மாத்தான் உட்கார்ந்திருக்கேன். அந்த விதி என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அடுத்த ஊசி புதன்கிழமை.

அம்மா