புதைவடம் அமைத்துத் தரக் கோரி நான்காவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.
அனுப்புநர்: கடற்கரைத் தெரு மக்கள், பாம்பன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் தலைக்கு மேல் போகும் மின்கம்பிகளை அகற்றிப் புதைவடம், அதாவது மண்ணுக்கடியில் போகும் மின்வடம், அமைக்கக் கோரி மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டோம். ரசீதுகள் மட்டும் கையில் இருக்கின்றன. தெருவைத் தாங்கள் அறிவீர்கள். பாலம் இறங்கியதும் கடலை ஒட்டி இருப்பது நாங்கள்தான்.

1. இரும்புக் கம்பங்களின் அடியை விரலால் தட்டினாலே துரு ஏடு ஏடாக உதிர்கிறது.

2. பனி இறங்கும் இரவுகளில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் படிந்த உப்பு நனைந்து, சீறிக்கொண்டு பொறி பறக்கிறது.

3. எங்களை வதைப்பது அறுந்து விழும் கம்பிதான். காய்ந்த மணலில் விழுந்தால் பல நேரம் ஃபியூஸ் போவதில்லை. மின்சாரத்தோடு அப்படியே கிடக்கும். எங்கள் ஆட்கள் விடியற்காலை மூன்று மணிக்கு வலையைச் சுமந்து வெறுங்காலோடு கரைக்குப் போகிறவர்கள். சென்ற ஆடிக் கச்சான் காற்றில் அறுந்த கம்பியை மிதித்து எதிர்வீட்டு ஆடு துடித்துச் செத்தது. நாலு எட்டு பின்னால் வந்த சிறுவனைத் தாய் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அன்று முதல் காற்று எழும்பும் இரவெல்லாம் முறைவைத்து டார்ச் விளக்கோடு காவல் இருக்கிறோம். கடலில் உழைத்து வந்த உடம்பு ஐயா, எத்தனை இரவு விழித்திருக்கும்?

4. உப்பு மண்ணில் வடம் பழுதானால் இடம் கண்டுபிடிப்பது சிரமம், செலவும் அதிகம், ரிஸ்க் எடுக்க முடியாது என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். சிரமம்தான், மறுக்கவில்லை. வடம் பழுதானால் இரண்டு நாள் இருட்டில் இருந்துகொள்கிறோம். கம்பி அறுந்தால் உயிர் போகிறதே! இரண்டும் ஒன்றா? செலவுக் கணக்கில் வந்தால்தான் ஆபத்தா, எங்கள் காலடியில் கிடந்தால் இல்லையா? கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் புதைத்திருக்கிறார்களே, அங்கே மண்ணில் உப்பு இல்லையா? 2011-இல் ‘தானே’ என்ற புயல் கடலூரில் கம்பங்களைச் சாய்த்த பிறகு வந்த திட்டம் அது. நாங்களும் ஒரு புயலுக்குக் காத்திருக்க வேண்டுமா? 1964-இல் தனுஷ்கோடி கொடுத்தது போதாதா ஐயா?

5. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு இந்த உப்புக் காற்றை எண்ணித்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். அதே காற்றுதான் எங்கள் கம்பத்திலும் அடிக்கிறது.

தயவுசெய்து புதைவடம் அமைத்துத் தாருங்கள். நிதி வரத் தாமதமானால், வாடை தொடங்குவதற்குள் வெறுங்கம்பிகளை மாற்றி உறையிட்ட கம்பியாவது போடச் சொல்லுங்கள். ஒருமுறை இரவில் நேரில் வந்து பாருங்கள் ஐயா. மீண்டும் கேட்டுக்கொள்கிறோம், வாடைக்கு முன்பு.

இப்படிக்கு,
கடற்கரைத் தெரு மக்கள்