டிஸ்க் வரும் முன் அறை தயாராகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநிறுவனங்கள் கணினித் தரவுகளைச் சேமிக்கும் டிஸ்க் அமைப்புகளை வாங்கும்போது கொள்ளளவையும் வேகத்தையும் மாதக்கணக்கில் அலசுகின்றன. அவற்றை வைக்கப்போகும் அறையோ, லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. டிஸ்க்குகள் நிறைந்த ஒரு ரேக் (கருவிகளை அடுக்கும் உலோக அலமாரி) 1,000 கிலோவைத் தாண்டக்கூடும். அந்தப் பாரம் சில சிறு சக்கரங்கள் வழியே இறங்குவதால், தரைக்கு மேல் உயர்த்தி அமைத்த தளத்தின் பலகை தாங்குமா என்பதோடு, இறக்குமிடம் முதல் லிஃப்ட், சாய்தளம், கதவு வரை வழி முழுவதையும் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும். இரட்டை மின் இணைப்பு இருந்தும் இரண்டையும் ஒரே விநியோகப் பலகையிலிருந்து எடுத்தால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை. குளிர்காற்று ரேக்கினுள் நுழையும் இடத்தில் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்றும் உண்டு: தீயணைப்பு வாயு பீறிடும்போது எழும் பேரொலியே, சுழலும் டிஸ்க்கில் தரவைப் படித்து எழுதும் ஹெட்டைத் தடம் விலகச் செய்து, சில சமயம் டிஸ்க்கை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும். வாயுவை வெளியிடும் குழாய்களுக்கு ஒலி குறைந்த முனைகள் கிடைக்கின்றன. கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முன்பே, கட்டடப் பொறியாளரையும் மின் பொறியாளரையும் உடன்வைத்து இந்த ஆய்வை முடிக்குமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்