உன் மகளின் கண்ணும் என் லேசரும்

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. எல்லோரும் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படம் அனுப்பும் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறவன் நீ ஒருவன்தான். பதிலும் அப்படியே இருக்கட்டும் என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு லேசிக் நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமலே தூரத்து பஸ் போர்டைப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். அவளுக்குப் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது, பல்ஸ்டு லேசர் டெபொசிஷனில் மென்படலம் செய்யும் வேலை, ஆனால் “அது பழைய டெக்னிக், அதில் இனி என்ன இருக்கிறது” என்று சொந்தக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார், நான் என்ன நினைக்கிறேன் என்று. லேசிக்கும் அந்தப் பிஎச்டியும் ஒரே குடும்பம். அதனால் கண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவள் கருவிழியைச் சீவியது ஆர்கான் ஃப்ளோரைடு எக்சைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளம், புற ஊதா. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் ஆழம்தான் போகும், பக்கத்துத் திசு வேகாது. இதற்கு வழி காட்டியவர் ரங்கசாமி சீனிவாசன். 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா போய் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். 1981 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள், மிச்சமிருந்த வான்கோழியை லேபுக்கு எடுத்துப் போய் அதன்மேல் எக்சைமர் லேசரை விட்டுப் பார்த்தார். வெட்டு அவ்வளவு சுத்தம், ஓரம் கருகவே இல்லை. கூட வேலை செய்த ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ஆகியோரோடு அவருக்கு அமெரிக்க அரசின் தொழில்நுட்பப் பதக்கத்தை 2013-ல் வெள்ளை மாளிகையில் கொடுத்தார்கள். மெட்ராஸில் படித்த ஒருவரால் உலகம் முழுக்க இத்தனை பேர் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்க வேண்டாமா? எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

ஒளி பட்ட இடத்திலிருந்து பொருள் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறதே, அதுதான் அப்லேஷன். கண் டாக்டருக்கு மிச்சம் இருப்பதுதான் முக்கியம், கிளம்பிப் போவது கழிவு. எங்களுக்குக் கிளம்பிப் போவதுதான் சரக்கு. அதை எதிரில் வைத்த படிகத் தகட்டில் பிடித்துக்கொள்கிறோம். அங்கே படியும் மெல்லிய அடுக்குதான் மென்படலம், பல்ஸ்டு லேசர் டெபொசிஷன் என்பது இதுதான்.

இதைச் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பாய். நாம் எம்எஸ்சி படித்த 1987 ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் எங்கு பார்த்தாலும் மீகடத்தி, குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். முந்தைய வருடம்தான் ஜூரிச்சில் பெட்னோர்ஸும் முல்லரும் பேரியம் கலந்த தாமிர ஆக்சைடில் அதைப் பார்த்திருந்தார்கள். 87 தொடக்கத்தில் வூவும் சூவும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை 93 கெல்வினுக்குக் கொண்டுபோனார்கள். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் இருக்கும், குளிர்விக்க அதுவே போதும். பெட்னோர்ஸுக்கும் முல்லருக்கும் அந்த வருடமே நோபல். ஆனால் அந்தப் பொருள் கருப்பாக, பொரபொரவென்று இருக்கும் ஒரு பீங்கான் வில்லை. அதிலிருந்து சர்க்யூட் செய்ய வேண்டுமென்றால் மென்படலம் வேண்டும். எல்லோரும் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

பொருளைச் சூடாக்கி ஆவியாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? பேரியம் 1900 டிகிரி வாக்கில் கொதிக்கும், தாமிரத்துக்கு 2500-க்கு மேல் வேண்டும், இட்ரியத்துக்கு 3300-க்கு மேல். கல்யாண மண்டபத்திலிருந்து ஜனங்கள் கலைகிற மாதிரி, அவசரக்காரர்கள் முதலில் போய்விடுவார்கள். தகட்டில் போய்ச் சேரும்போது ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு குலைந்துவிடும். கணக்கு குலைந்தால் மீகடத்தலும் போச்சு.

அப்போதுதான் நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் திருமலை வெங்கடேசனும் அவர் கூட்டமும் எக்சைமர் லேசரை எடுத்து அந்த வில்லையின் மேலேயே அடித்தார்கள். லேசரால் படலம் போடும் யோசனை புதிதல்ல. மைமன் உலகின் முதல் லேசரான ரூபி லேசரைச் செய்தது 1960. ஐந்தே வருடத்தில் ஸ்மித், டர்னர் என்ற இருவர் ரூபி லேசரால் படலம் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆனால் அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1987-ல் பெல்கோர் கட்டுரை வந்த பிறகுதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. வில்லையில் இருந்த விகிதம் படலத்திலும் அப்படியே வந்திருந்தது. “பழைய டெக்னிக்” என்று சொன்ன அந்தச் சொந்தக்காரர் இதை யோசிக்க வேண்டும். இருபது வருடம் சீந்துவாரில்லாமல் கிடந்த ஒரு வழி, சரியான பொருள் வந்ததும் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது.

விகிதம் ஏன் குலைவதில்லை? எனக்கு இன்றைக்கும் அலுக்காத இடம் இது. எங்கள் க்ரிப்டான் ஃப்ளோரைடு லேசரில், 248 நானோமீட்டர், வில்லைக்கு வந்து சேரும் ஒரு துடிப்பில் 100 மில்லிஜூல் இருக்கும் என்று வைத்துக்கொள். ஒரு கிராம் தண்ணீரை அது ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்குதான் சூடாக்கும். அற்பம். ஆனால் அது முழுவதும் 25 நானோநொடிக்குள் வந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு அது 40 லட்சம் வாட். அதை ஐந்து சதுர மில்லிமீட்டரில் குவித்தால், வில்லையின் மேல்தோல் மட்டும், ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழம், உள்ளே வெப்பம் பரவ அவகாசமே இல்லாமல் பிளாஸ்மாவாகிக் கிளம்புகிறது. பேரியம் முந்தவும் இட்ரியம் தங்கவும் நேரம் கிடையாது. எல்லாம் சேர்ந்து நொடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவு வேகத்தில் புறப்படும். அந்தப் பிளாஸ்மா நாக்கைத்தான் ப்ளூம் என்கிறோம்.

நீ லேபுக்கு வந்தால் முதலில் காதில் விழுவது லேசரின் “டக் டக்” சத்தம். பிறகு குவார்ட்ஸ் ஜன்னல் வழியே அந்த நாக்கு தெரியும். சேம்பரில் 200 மில்லிடார் அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும்போது, இட்ரியம் ஆக்சைடின் ஆரஞ்சு நிறம் ஓரத்தில் ஏறியிருக்கும். எதிரே ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, சில்வர் பேஸ்ட் தடவி ஹீட்டரில் ஒட்டிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தகடு 780 டிகிரியில் செவசெவவென்று இருக்கும். நாக்கின் நுனி அந்தத் தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிரஷரைக் கூட்டினால் நாக்கு சுருங்கும், குறைத்தால் நீளும். மீட்டரில் என்ன எண் காட்டினாலும், பழகிய மாணவன் நாக்கின் நீளத்தைப் பார்த்தே இன்று படலம் தேறுமா என்று சொல்லிவிடுவான். 200 நானோமீட்டருக்குச் சில ஆயிரம் துடிப்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் அப்போது அது மீகடத்தி இல்லை. அந்தச் சூட்டில் படிகத்துக்குள் ஆக்சிஜன் குறைச்சல். லேசரை நிறுத்திவிட்டு சேம்பரை ஆக்சிஜனால் நிரப்பி, 450 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். இறங்க இறங்க ஆக்சிஜன் உள்ளே போய் தாமிரச் சங்கிலிகளில் உட்காரும். அதற்குப் பிறகுதான் 90 கெல்வினுக்குப் பக்கத்தில் மின்தடை தொப்பென்று பூஜ்யத்துக்கு விழும். அந்த வளைவு முதல்முறை திரையில் விழும்போது மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பாப்பா தெரிந்துகொண்டே உள்ளே வரட்டும். வில்லையின் உருகிய தோலிலிருந்து மைக்ரான் அளவுத் துளிகளும் சேர்ந்து பறந்து வரும். படலத்தை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஆங்காங்கே உருண்டைகள். இரண்டு மீகடத்திகள் சேரும் சந்தியைச் செய்கிறவனுக்கு ஒரே ஒரு உருண்டை போதும், சாம்பிள் குப்பைக்கு. வில்லை நல்ல அடர்த்தியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எமரி தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், சுழற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் லேசர் பட்டுப் பட்டு அதன் மேல் குட்டிக் கூம்புகள் முளைக்கும். ப்ளூம் நேராகவே பாய்வதால் ஒரே சீரான தடிமன் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் கிடைக்கும். ஈயம், லித்தியம் மாதிரி எளிதில் ஆவியாகிற தனிமங்கள் இங்கேயும் கைவிட்டுப் போகும், வில்லையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். ஜன்னலின் உட்புறத்திலும் படலம் படிந்து, லேசர் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஜன்னலைக் கழற்றித் துடைப்பது பிஎச்டியின் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேஸ் தனித் தலைவலி. இந்த லேசருக்குள் பெரும்பகுதி நியான், கூடவே கொஞ்சம் க்ரிப்டான், துளி ஃப்ளோரின். சிப் தொழிலுக்கான சுத்தமான நியானில் பெரும்பங்கு உக்ரைனில்தான் தயாரானது. 2022-ல் போர் வந்ததும் விலை எகிறிவிட்டது. எங்களுக்கு சிலிண்டர் தருவதாகச் சொன்ன வியாபாரி மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எங்கோ குண்டு விழுகிறது, இங்கே ஒரு பெண்ணின் தீசிஸ் நின்றுபோகிறது. எனக்கு அந்த மாதங்களில் தூக்கமே சரியாக இல்லை.

இத்தனையும் தெரிந்தே அவளைச் சேரச் சொல்கிறேன். ஏன் என்றால், லேசர் சேம்பருக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருப்பது ஒரு வில்லை, ஒரு ஹீட்டர், கொஞ்சம் கேஸ், அவ்வளவுதான். புதிதாக ஒரு ஆக்சைடு மனதில் தோன்றினால், பொடிகளை எடை போட்டு, உரலில் அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டு, அந்த வாரமே படலமாக்கிப் பார்த்துவிடலாம். பெரிய கம்பெனியின் தயவு வேண்டாம். பல்கலைக்கழக லேப்கள் இந்தத் துறையில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் திடமான எண்ணம். 2004-ல் ஓட்டோமோ, ஹ்வாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மின்சாரமே கடத்தாத இரண்டு ஆக்சைடுகளை இந்த வழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார்கள். சேருமிடத்தில் எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடின. மூன்றே வருடத்தில் அதே இடம், 0.2 கெல்வின் பக்கத்தில், மீகடத்தியாகவும் ஆனது. இரண்டும் தனித்தனியாகக் கடத்தாதவை, மாப்ளே! இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. உலோக நாடாவைச் சுருளிலிருந்து சுருளுக்கு ஓட்டிக்கொண்டே மீகடத்திப் படலம் போடுகிறார்கள். அந்த வகை நாடாவால் சுற்றிய காந்தம்தான் 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்ஐடி ஆட்களின் சோதனையில் 20 டெஸ்லா காந்தப்புலத்தைத் தொட்டது, அணுப்பிணைவு உலைக்காக. ஒரே காந்தத்துக்கு 267 கிலோமீட்டர் நாடா. 2024-ல் லாம் ரிசர்ச் என்ற கம்பெனி சிப் தொழிற்சாலைகளுக்கென்றே இந்த முறையில் ஒரு இயந்திரத்தை வெளியிட்டது, ஸ்காண்டியம் கலந்த அலுமினியம் நைட்ரைடு போடுவதற்கு. ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது என்று சொன்ன முறை இப்போது முழு வேஃபருக்கு, அதாவது சிப் செய்யும் வட்டத் தகட்டுக்கு, வந்திருக்கிறது.

அதனால் அவள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த லேபில் லேசர் யாருடையது, வாரத்தில் எத்தனை நாள் தனக்குக் கிடைக்கும்? கேஸுக்கும் பராமரிப்புக்கும் அடுத்த மூன்று வருடத்துக்குப் பணம் இருக்கிறதா? படலம் வளரும்போதே அடுக்கடுக்காக எண்ணிப் பார்க்கும் எலெக்ட்ரான் விளிம்புவளைவுக் கருவி உண்டா? சீனியர் மாணவர்கள் எத்தனை வருடத்தில் வெளியே வந்தார்கள்? கைடிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் சீனியர்களிடம் கேட்கட்டும், அவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள்.

அப்புறம், என் சங்கதி. அடுத்த ஜூனில் ரிட்டயர்மென்ட். லேசரை யார் கையில் ஒப்படைப்பது என்பதுதான் இப்போதைய கவலை. அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது, மாடியேறுவதில்லை. பெரியவன் பெங்களூரில். நீ பேங்கிலிருந்து ஓய்வு பெற்று வயலைப் பார்த்துக்கொள்வதாக எழுதியதைப் படித்துப் பொறாமையாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே?

பாப்பாவைச் சேருவதற்கு முன் ஒரு வாரம் இங்கே அனுப்பு. பொடி அரைப்பதிலிருந்து தடையளப்பது வரை ஒரு முழுச் சுற்றைக் கையால் செய்து பார்க்கட்டும், அதன்பின் முடிவு அவளுடையது. வீட்டிலேயே தங்கலாம், உன் தங்கச்சி இப்போதே அறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். எந்த ரயில் என்று மட்டும் முன்கூட்டியே சொல், எழும்பூருக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்