60 வீடு 18 ஆனது ஏன்? மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அம்மா அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மே மாதம் மட்டும் வெயிலுக்குப் பயந்து கூடவில்லை. நூலக அலமாரிக்கு ஒருவழியாகக் கதவு போட்டாயிற்று. சந்தா பாக்கிப் பட்டியலை மேடையில் படிக்க வேண்டாம் என்று தலைவர் அம்மா சொன்னதால் படிக்கவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். வரவு செலவைப் பொருளாளர் ஐயா வாசிப்பார்.

மீதி நேரம் முழுக்க, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளைத் தேடிப் போய், அவர்களோடு பேசவும் விளையாடவும் தாய்மார்களுக்குச் சொல்லித்தரும் நம் பணியைப் பற்றித்தான். சென்ற ஆண்டு இதே இடத்தில் நின்று 60 வீடுகளுக்குப் போகிறோம் என்று படித்தேன், கை தட்டினீர்கள். இப்போது 18 வீடுகள். இந்தக் கேள்வியைக் கடைத்தெருவிலேயே என்னிடம் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

ஆறு பேர், ஆளுக்குப் பத்து வீடு, மாதம் ஒரு முறை. கணக்கில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் என்ன சொன்னோம் என்பது அந்தத் தாய்க்கும் நினைவில் இருக்காது, நோட்டைப் புரட்டினால்தான் நமக்கும் தெரியும். குழந்தை நம்மைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அது வெளியே தலையை நீட்டும் நேரத்தில் நாம் செருப்பை மாட்டிக்கொண்டிருப்போம்.

ஜூலைக் கூட்டத்தில் நம் ஓய்வுபெற்ற செவிலியர் உறுப்பினர் ஜமைக்கா விஷயத்தைச் சொன்னார். அங்கே கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் 1986–87இல், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை வைத்து சாலி கிரந்தம் மக்ரெகர் என்ற மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் போனார்கள். தாயோடு உட்கார்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று செய்து காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகு, ஏறக்குறைய இருபது வருடம் கழித்துப் பார்த்தால், இந்தப் பேச்சும் விளையாட்டும் சொல்லித்தரப்படாத குழந்தைகளை விட அவர்களுடைய சம்பாத்தியம் 25 சதவீதம் கூடுதல். இதை 2014இல் வெளியிட்டார்கள். நமக்குச் சுருக்கென்று தைத்தது இதுவல்ல, அதே ஜமைக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு. வாரம் ஒரு முறை போனால் நல்ல பலன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் கொஞ்சம், மாதம் ஒரு முறை என்றால் பலன் ஒன்றுமே இல்லை என்று அதில் வந்திருக்கிறது. கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நாம் போய்க்கொண்டிருந்தது மாதம் ஒரு முறை.

சரி என்று ஆகஸ்டில் மாற்றினோம். ஆளுக்கு மூன்று வீடு, வாரா வாரம். முன்பு மாதத்துக்கு 60 முறை படியேறினோம், இப்போது 72 முறை. வேலை குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு மேற்பட்டவர்களை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டோம். விட்ட 42 வீடுகளில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு, மறுக்கவில்லை.

அரசு செய்கிறதே, நாம் எதற்கு என்றும் ஓர் உறுப்பினர் கேட்டார். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த இளம் குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் குழந்தையின் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். எடை, தடுப்பூசி, இணை உணவு இதற்கெல்லாம் அது மிகவும் தேவை. ஆனால் ஐந்து வருகையில் விளையாட்டும் பேச்சும் பழக்கமாகிவிடாது. அங்கன்வாடி அக்காவுக்கோ பதிவேடு எழுதவே நேரம் போதவில்லை; அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

18 வீடுகளும் முதலில் ஏரிக்கரை இருளர் குடியிருப்பில்தான் இருந்தன. பொங்கல் கழிந்ததும் ஆறு குடும்பங்கள் செங்கல் அறுக்க வேறு ஊர்ச் சூளைக்குக் கிளம்பிவிட்டன. அதே வாரம் நம் ஊர்ச் சூளைக்கு ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். காலியான ஆறு இடங்களையும் அவர்களுக்கே கொடுத்தோம்.

அங்கே முதல் மூன்று வாரம் சொதப்பல்தான், அதுவும் என்னால். காலை பத்து மணிக்குப் போனோம். அவர்கள் இருட்டிலேயே எழுந்து கல் அறுக்கிறவர்கள். பத்து மணிக்கு அந்தப் பெண்கள் அச்சும் கையுமாக இருந்தார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரை உட்காரவைத்துப் பேசினால் நஷ்டம் அவருக்குத்தானே. அப்புறம் மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினோம். நம் ஆட்கள் குடையோடு போகிறார்கள்.

மொழியும் தெரியாது. ஒருவருக்கு அரைகுறை இந்தி. நம் தாலாட்டைச் சொல்லித்தரப் போனதை விட்டுவிட்டு, அவர்கள் ஊர்த் தாலாட்டையே பாடச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் குடிசைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு, மூடியைப் பசை வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றிய கிலுகிலுப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் போனால் குழந்தை வெறுங்கையோடு மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. கிலுகிலுப்பை எங்கே என்று கேட்டோம். அந்தப் பெண் எழுந்து, கூரைக் கழியில் கட்டித் தொங்கவிட்ட கேரி பேக்கை அவிழ்த்து, ஒரு கீறல் இல்லாமல் அதை எடுத்து நீட்டினார். உடைந்தால் காசு பிடிப்போம் என்று பயந்திருக்கிறார். சூளைக்கு வரும்போதே முன்பணக் கடனோடு வருபவர் வேறு எப்படி நினைப்பார்? அன்று முதல் பொம்மையைக் கையில் எடுத்துப் போவதில்லை. பாட்டில், கொட்டை, டேப் மட்டும் கொண்டுபோகிறோம், தாயே செய்கிறார். தானே செய்ததை யாரும் கூரையில் கட்டித் தொங்கவிடவில்லை. கடையில் பிளாஸ்டிக் பொம்மை வாங்கலாம் என்ற தீர்மானத்தை நான் எதிர்த்ததற்குக் காரணமும் இதுதான். பொருளாளர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் பயிற்சி நம்மில் யாருக்கும் இல்லை. அதனால் சதவீதம் எதுவும் இந்த அறிக்கையில் கிடையாது. ஒடிசாவிலேயே, கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளை வைத்து ஜமைக்கா முறையைச் செய்து பார்த்து, அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். நம் பக்கம் நான் கண்டது ஒன்றுதான்: முன்பு நம்மைப் பார்த்ததும் குழந்தையை நம் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோன தாய்மார்கள், இப்போது பாயில் உட்கார்ந்து, நாம் கேட்கும் முன்பே அந்த வாரக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஜூனில் சூளைக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிவிடும். ஆறு மாதத்தோடு இந்தப் பேச்சு அறுந்துவிடும், அதற்கு நம்மிடம் வழியில்லை. ஏரிக்கரையிலிருந்து போன ஆறு குடும்பங்கள் திரும்பியதும் அவர்களுக்கே முதல் இடம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு பேர் கூடுதலாகத் தேவை. வாரம் தவறாமல் வர முடிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். மூடி போட்ட காலி பாட்டில்களை மன்ற அறையில் வைக்கலாம். மூடி இல்லாதவை வேண்டாம், ஏற்கெனவே ஒரு மூட்டை கிடக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்