முகம் எழுதாத வசந்தகால ஆடை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய பத்திரிகைத் தாள்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு விற்கிறோம். அவற்றில் 1950களின் வசந்தகால ஆடை ஓவியத்தை வாங்கிய மூவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முகத்தில் கண் இல்லை, ஒரு கை பாதியில் நிற்கிறது, பாவாடையின் ஓரக்கோடு நடுவில் அறுந்திருக்கிறது, அச்சு சரியாக விழவில்லை என்பது அவர்கள் குறை. விடுபட்ட கோட்டை நாங்களே இழுத்துத் தரலாமே என்றும் ஒருவர் கேட்டார். அதற்கு எங்களுக்குக் கை வரவில்லை.

அது அச்சுப் பிழை அன்று. துணி எப்படி விழும், இடுப்பில் எப்படி இறுகும் என்று காட்டுவதே அந்த ஓவியரின் வேலை. 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் தம் முதல் வசந்தகால ஆடைகளைக் காட்டினார். போர்க்காலம் தொட்டு ரேஷனில் துணி வாங்கிய ஊர் அது. அங்கே இடுப்பைச் சிறுக்கி, பல மீட்டர் துணியில் பாவாடையை விரியவிட்டார். அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘கொரோல்’, அதாவது பூவின் அல்லிவட்டம். அவ்வளவு துணியையும் மடிப்பு மடிப்பாக வரைந்தால் படம் கனத்துப்போகும். டியோருக்காக வரைந்த ரெனே குருவோ தூரிகையால் சில கோடுகளை வீசிவிட்டு மிச்சத்தை வெள்ளைத் தாளுக்கே விட்டுவிடுவார். அறுந்த கோட்டை நம் கண் தொடர்ந்து முடிக்கும்போதுதான் பாவாடை அசைகிறது. டியோரும் கடை தொடங்குமுன் ஆடை, தொப்பி ஓவியங்களை விற்றுப் பிழைத்தவர்தாம்.

பிறகு பத்திரிகைகளில் இத்தகைய ஓவியங்கள் இருந்த பக்கங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

வீட்டில் உள்ள படத்தை நான்கு அடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறங்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும். அக்கால அச்சு முறை அப்படி. வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம்; நிறம் வெளுக்கும், தாள் பழுக்கும். லேமினேஷன் கூடவே கூடாது. ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கொண்டுவாருங்கள், முழுப் பணமும் தருகிறோம். கோடு மட்டும் இழுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கடையார்