யாருக்குக் கேட்கும் என்று கேட்டாய்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வைத்தி,

உன் கடிதம் செவ்வாயன்றே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து, காலையில் ஆற்றங்கரை வரை நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. எனக்கு இடது காது சற்று மந்தமாகிவிட்டது என்பதைத் தவிர வேறு குறையில்லை. வலது காதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றி வருகிறேன். ஆனால் நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி ஐந்து நாட்களாக என்னை விடவில்லை. பேத்தி, பாட்டின் அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் அந்த பேஸ் கிட்டாரைக் கற்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்றும், நாலு கம்பியை வைத்துக்கொண்டு பின்னால் நின்று வாசிப்பது யாருக்குக் கேட்கப்போகிறது என்று நீ அவளைக் கடிந்துகொண்டாய் என்றும் எழுதியிருந்தாய். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து இசைத்தட்டுகளைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பேசி உன் காதைப் புளிக்க வைத்தவன் நான். என்னிடமே இதை எழுதியிருக்கிறாயே!

சென்ற முறை நீ இங்கு வந்திருந்தபோது டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டை மூன்று முறை தொடங்கி, பாடகர் வாய் திறப்பதற்குள் மூன்று முறையும் ஊசியைத் தூக்கிவிட்டேன். இவனுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாய். அந்தப் பாட்டு பேஸ் கிட்டாரில்தான் தொடங்குகிறது. பிறகு கிட்டார் ஒரு சிறிய ஏறுவரிசையை வாசித்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஸ, ரி, க, ப, த, ஸ என்று நம் மோகனத்தின் ஆரோகணம் அப்படியே இருக்கிறது. 1964-இன் இறுதியில் வெளியான அந்தப் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேட்டாலே உலகில் பாதிப் பேர் பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், கிட்டார் வாசித்தவர் ராபர்ட் வைட். இசைத்தட்டில் இருவர் பெயரும் கிடையாது.

டெட்ராய்டின் மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீட்டை 1959-இல் வாங்கி, அதன் பின்பகுதியில் இருந்த புகைப்பட நிலையத்தை, மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தை உருவாக்கிய பெர்ரி கோர்டி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். கேபிள்கள் சுருண்டும் தொங்கியும் கிடந்ததால் வாத்தியக்காரர்கள் அதைப் பாம்புக் குழி என்று அழைத்தார்கள். இரவில் ஜாஸ் விடுதிகளில் வாசித்துவிட்டுப் பகலில் அங்கே வந்து கூலிக்கு வாசித்த ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், தங்களை ஃபங்க் பிரதர்ஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று முன்னால் நின்ற முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பின்னால் இருந்த கைகள் பெரும்பாலும் இவர்களுடையவைதான். மூன்று கிட்டார்காரர்கள் ஒரே நேரத்தில் வாசித்தும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிட மாட்டார்கள். ஜோ மெசினா ஸ்னேர் டிரம்மின் அடியோடு சேர்த்துச் 'சக்' என்று வெட்ட, மற்ற இருவரும் மீதி இடத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

பாட்டெழுதியவர் பல நேரங்களில் கார்ட்ஸ், அதாவது சேர்ந்தொலிக்க வேண்டிய சுரக்கூட்டங்கள், குறித்த ஒரு தாளை மட்டும் கொண்டுவந்து தருவார் என்பதையும், பாடகர் அன்று அந்த அறையிலேயே இருக்க மாட்டார் என்பதையும் நீ கவனிக்க வேண்டும். பாட்டு எப்படித் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் இவர்கள் அங்கேயே வாசித்து வாசித்து முடிவு செய்தார்கள். அதற்குக் கிடைத்தது முதலில் சொற்பக் கூலி, பின்னர் வாரச் சம்பளம். பாட்டின் உரிமைத் தொகை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போய்விடும். பேஸ் வரிசையை உருவாக்கியதை யாரும் இயற்றியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலிபரப்பானால், வாசித்தவருக்கு மட்டுமல்ல, பாடியவருக்கும் இன்றுவரை சட்டப்படி ஒரு காசும் கிடையாது.

இவர்களை உலகம் மறந்துவிட்டது என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குச் சற்றே எரிச்சல் வரும். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! வேறு நிறுவனத்துக்கு வாசித்தது தெரிந்தால் மோட்டவுனில் அபராதம் விழும். அப்படியும் அவர்களில் சிலர் 1967-இல் சிகாகோவுக்குச் சென்று, போட்டி நிறுவனத்துக்காக ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். கேட்டுப் பார், வாசித்தவர்கள் யார் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். ஆனால் நிலையான மாதவருமானம் என்பதையே கண்டிராத ஜாஸ் கலைஞர்களுக்கு அந்த வாரச் சம்பளம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

ஜேமர்சனைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்கு ஆசை தீராது. தென் கரோலினாவில் பிறந்தவர். முதலில் ஆளுயர டபுள் பேஸ் வாசித்துப் பழகியவர் என்பதால், மின்சார பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தபோதும் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் வாசித்தார்; அந்த விரலுக்குக் கொக்கி என்றே பெயர். கம்பிகளை மாற்றவே மாட்டார், அழுக்கு ஏறினால்தான் நாதம் வரும் என்பது அவருடைய கட்சி. ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்' பாட்டை ஹெட்போனில் கேள். பாடகர் ஒருபுறம் கதறிக்கொண்டிருக்க, கீழே இவர் தனியாக வேறொரு பாட்டையே பாடிக்கொண்டிருப்பார். ஆனால் ஓர் இடத்திலும் பாடகரின் காலை இடறிவிட மாட்டார்.

மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டைப் பதிவு செய்த அன்று ஜேமர்சன் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தார் என்றும், தரையில் மல்லாந்து படுத்தபடியே அதை வாசித்து முடித்தார் என்றும் சொல்வார்கள். குடியை மெச்சுகிற கதையாக இதைப் பலர் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் குடிதான் பிறகு அவரைக் கொண்டுபோயிற்று. அந்தப் பாட்டின் பெயரிலேயே 1971-இல் வெளியான ஆல்பத்தின் உறையில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முதன்முறையாக முறையாக அச்சாயின. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்ற சொல்லும் இருந்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. வழக்கம்போல வாசிக்க வந்தபோது கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது என்று அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஜேமர்சனும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்ப் பார்த்தார். வாய்ப்புகள் மெல்லக் குறைந்தன. 1983-இல் மோட்டவுனின் வெள்ளிவிழா அந்நகருக்கு அருகே பாசடேனாவில் பெரும் ஆரவாரத்தோடு நடந்தபோது, தான் வாசித்த பாட்டுகள் மேடையில் ஒலிப்பதை அவர் பின்வரிசைப் பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 2 அன்று, 47 வயதில் இறந்துபோனார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பேஸ் கிட்டார் களவுபோயிருந்தது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில். முதல் ஐவரில் அவரும் ஒருவர்.

ராபர்ட் வைட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஓர் உணவகத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் 'மை கேர்ள்' ஒலித்ததாம். பரிமாற வந்தவனிடம் அதை வாசித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், கிழவன் பிதற்றுகிறான் என்று நினைப்பானோ என்று கூசி, சாப்பாட்டை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாராம். அதனால்தான் அன்று மூன்று முறை ஊசியைத் தூக்கினேன், வைத்தி.

பேத்திக்கு நாலு கம்பி வாத்தியத்தையே வாங்கிக் கொடு. பிறந்தநாளுக்குள் பணம் புரட்டுவது சிரமமானால் பாதியை நான் தருகிறேன், கணக்குப் பார்க்காதே. பொங்கலுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு வா. 'பெர்னடெட்' இசைத்தட்டில் ஓரிடத்தில் கீறல் விழுந்திருக்கிறது, ஆனால் பேஸ் வரும் இடங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

என்றும் அன்புடன்,
கோபாலன்