அந்த இரவுக்குப் பிறகு என்னோடு இருந்தவர்களுக்கு

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் இருப்பவர்களுக்கும், பட்டுக்கோட்டைப் பக்கம் 108 வண்டியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கும் வணக்கம்.

மூன்று மாதத்துக்கு முன்பு, இரவு பதினொன்றரை மணி. மைரெஸ்பாண்டர் செயலி அலறியது. யாருக்காவது இதயம் நின்றுவிட்டது என்று இங்கே ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைப்பு வந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் எங்களைப் போன்ற தொண்டூழியர்களுக்கும் குடிமைத் தற்காப்புப் படை தகவல் அனுப்பும். பார்த்தால் எங்கள் புளோக்கேதான், நாலு மாடி மேலே. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். கீழே ஓடிப்போய், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை எடுத்து வந்த மலாய்க்கார அம்மா, மக்சிக், உங்களுக்கு முதல் நன்றி. அவர் பிழைக்கவில்லை.

விலா எலும்பு முறியலாம் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் உள்ளங்கைக்குக் கீழே கேட்ட அந்தச் சத்தம் என்னை விடவில்லை. சாப்பாட்டில் யாராவது அப்பளத்தை நொறுக்கினால் எழுந்து போய்விடுவேன். என் மனைவி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அப்பளம் பொரிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கான உதவி எண் 1767ஐ அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பெயர் தெரியாத அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

பெரியவரின் மகனைப் பார்க்கப் பயந்து மின்தூக்கியை விட்டுப் படியேறிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரே வீடு தேடி வந்து அழைத்தார். பந்தியில் தன் மாமாக்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். இலையில் அப்பளமும் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

தம்பி, அந்தப் படிக்கட்டு விஷயத்தை உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "எங்களுக்கு எப்பவும் இதுதாண்ணே. தூக்கிட்டுப் போறதுல பாதி பேரு தெரிஞ்ச முகம். மறுநாள் அவங்க மகன்கூட அதே டீக்கடையில நிக்கணும்" என்றாய். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் வண்டிக்குள் நீ தனியாகப் போராடும் அந்த நேரத்தை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. டியூட்டி முடிந்ததும் நீயும், பைலட் என்று நீங்கள் சொல்லும் உன் வண்டி ஓட்டுநரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள் என்றாயே, அவருக்கும் என் நன்றியைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இந்த முறை நீ பேசு, நான் கேட்கிறேன்.